பரீட்சகரும் ஒரு பயணியே



பள்ளிக்கூடத்திலே சிறுவர்களைப் பார்த்து, "பெரியவனானதும் நீ என்ன தொழில் செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், வகுப்புக்கு ஒருவனாவது, "ஆகாய விமானம் ஓட்டப்போகிறேன்" என்று விடை சொல்லாமல் இருப்பதில்லை. அவ்விடையைக் கேட்டுப் புன்னகை செய்துவிட்டு, நாம் அடுத்த பிள்ளையிடம் சென்றுவிடுகிறோம். அந்த ஆசைக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு பரீட்சை நிற்கிறது. அது எத்தகைய பரீட்சை, அதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்கிறார்கள், அதிலே உண்மையில் சோதிக்கப்படுவது யாது என்பவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

விமானிகளுக்கு வழங்கப்படும் அனுமதிப்பத்திரங்கள் பல படிகளை உடையன. அவற்றுள் முதன்மையான படி தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எனப்படும். இதனைப் பெற்றவர் சிறிய விமானம் ஒன்றை ஓட்டலாம். உறவினரையும் நண்பரையும் ஏற்றிச் செல்லலாம். ஆனால், விமானம் ஓட்டுவதற்குக் கூலி பெறலாகாது. பெரிய விமானங்களை ஓட்டுபவர்களிலும் பலர் இப்படியை மிதித்தே மேலே சென்றவர்கள். 1944ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே கைச்சாத்திடப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் வழியே இதற்குப் பொது நியமங்கள் வகுக்கப்பட்டுள்ளன. எங்கள் நாடும் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடே. அந்நியமங்களின்படி, பரீட்சார்த்திக்குப் பதினேழு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பொதுவாகக் குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருத்தல் வேண்டும். அதிலே 10 மணித்தியாலமாவது தன்னந்தனியாகப் பறந்திருத்தல் வேண்டும்.

நாட்டுக்கு நாடு நடைமுறை சிறிது வேறுபடும். தனியார் விமானிகள் மிகுதியாக உள்ள நாடு ஐக்கிய அமெரிக்கா ஆதலால், அங்கு நடைபெறும் முறையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பயில்பவர் முதலிலே போதனாசிரியர் ஒருவருடன் அருகருகே அமர்ந்து பறக்கிறார். இருவர் முன்னும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் ஒருநாள் போதனாசிரியர் கீழே இறங்கிக்கொண்டு, "இனி நீங்களே ஒருமுறை சென்று வாருங்கள்" என்று கதவைச் சாத்திவிடுகிறார். அதுவே முதல் தனிப்பறப்பு. பின்னர் தூரப் பயணம் வருகிறது. மொத்தம் 150 கடல் மைலுக்குக் குறையாத வழியிலே, மூன்று இடங்களில் இறங்கி ஏறி, துணையின்றிச் சென்று மீளவேண்டும். போதனாசிரியருடன் இரவிலே மூன்று மணித்தியாலம் பறந்து, பத்துத் தடவை இறங்கிப் பழகவேண்டும். வெளியே பாராமல் கருவிகளை மாத்திரம் பார்த்துப் பறக்கும் பயிற்சியும் மூன்று மணித்தியாலம் உண்டு.

இவற்றுக்கிடையே எழுத்துப் பரீட்சை ஒன்று இருக்கிறது. அறுபது வினாக்கள், சித்தியடைய நூற்றுக்கு எழுபது புள்ளி வேண்டும். இங்கே ஓர் ஏற்பாடு என்னைப் பெரிதும் கவர்ந்தது. எழுபது பெற்றவர் எஞ்சிய முப்பதை மறந்துவிட முடியாது. அவர் எந்தெந்தப் பகுதிகளிலே பிழைவிட்டார் என்பது பெறுபேற்றுத் தாளிலே குறிக்கப்படுகிறது. அப்பகுதிகளை மீண்டும் கற்பித்ததாகப் போதனாசிரியர் கையொப்பமிடவேண்டும். செய்முறைப் பரீட்சை நாளிலே பரீட்சகரும் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, பிழைவிட்ட பகுதிகளிலிருந்தே வினாவுகிறார். எமது பாடசாலைகளிலே பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு விடைத்தாளைக் கட்டிவைப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறதல்லவா? அங்கே பிழைதான் அடுத்த பாடத்தின் தொடக்கம்.

செய்முறைப் பரீட்சையிலே என்ன கேட்கப்படும் என்பதிலும் இரகசியம் எதுவும் இல்லை. அரசாங்கமே அதனை நூலாக வெளியிட்டிருக்கிறது. எந்தப் பயிற்சியைச் செய்யவேண்டும், எவ்வளவு வழுவினால் பொறுக்கப்படும் என்பதெல்லாம் அடி அளவிலும் பாகை அளவிலும் அச்சிடப்பட்டுள்ளன. 2016ஆம் ஆண்டு இந்நியமங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது, ஒவ்வொரு செயலுக்கும் அறிவு, ஆபத்தை நிருவகித்தல், திறமை என மூன்று கூறுகள் தனித்தனியே வகுக்கப்பட்டன. வினாக்களை முன்கூட்டியே வெளியிட்ட பின் அது என்ன பரீட்சை என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும், அப்பரீட்சையிலே தவறுபவர் பலர். எமது பரீட்சைகளிலே ஒரு வினாவை விட்டு வேறொரு வினாவால் ஈடுசெய்யலாம். இங்கே ஈடுசெய்தல் என்பது இல்லை. நன்றாக மேலெழுந்து, நன்றாகத் திரும்பி, நன்றாகப் பேசியவர் இறங்கும்போது தவறினால், அவர் சித்தியடையாதவரே. எழும் கலையில் பெற்ற புள்ளியைக் கொண்டு இறங்கும் கலையின் குறையை நிரப்ப முடியாதல்லவா?

இனிப் பரீட்சை நாளுக்கு வருவோம். பரீட்சகர் முதலிலே விமானத்தின் அருகே போவதில்லை. மேசை ஒன்றின் எதிரே அமர்ந்து, பரீட்சார்த்தியின் பறப்புக் குறிப்பேட்டையும் விமானத்தின் பத்திரங்களையும் பார்க்கிறார். விமானம் கடந்த பன்னிரண்டு மாதத்துள் வருடாந்தச் சோதனைக்கு உட்பட்டதா? அதனைக் காட்டும் பதிவு எங்கே? அதைத் தேடி எடுத்துக் காட்டவேண்டியவர் பரீட்சார்த்தியே. பத்திரம் இல்லையெனில் பரீட்சையும் இல்லை.

அதன்பின், முதல்நாள் பரீட்சகர் குறித்துக்கொடுத்த ஊருக்குச் செல்வதற்கான பயணத் திட்டத்தை விரித்துவைக்க வேண்டும். காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, அதற்கு ஈடாக எத்தனை பாகை திரும்பிச் செல்லவேண்டும், எத்தனை கலன் எரிபொருள் செலவாகும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டிருத்தல் வேண்டும். சேருமிடத்தை அடைந்தபின்னும் பகலானால் அரை மணித்தியாலத்துக்கும், இரவானால் முக்கால் மணித்தியாலத்துக்கும் போதிய எரிபொருள் எஞ்சியிருக்கும்படி புறப்படவேண்டும் என்பது சட்டம்.

பாரக் கணக்கு மிக முக்கியமானது. பயிற்சிக்குப் பெரிதும் பயன்படும் செஸ்னா 172 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே நான்கு ஆசனங்கள் உண்டு. அதன் ஒரு வகையில், மேலெழும்போது மொத்தப் பாரம் 2,550 இறாத்தலுக்கு மேற்படலாகாது. வெறும் விமானத்தின் பாரம் 1,680 இறாத்தல் என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது 870 இறாத்தல். தலைக்கு 170 இறாத்தலாக நால்வர் ஏறினால் 680 போய்விடும். மீதி 190. ஒரு கலன் எரிபொருள் ஆறு இறாத்தல். ஆகவே 31 கலன்தான் ஊற்றலாம். தாங்கியோ 53 கலனுக்கு இடங்கொடுக்கும்! நான்கு ஆசனம் இருக்கிறது என்பதற்காக நால்வர் ஏறலாம் என்றோ, தாங்கியில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பலாம் என்றோ கருதுதல் கூடாது. இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குந் தெரியும். ஆனால், காத்துநிற்கும் நண்பர் நால்வரில் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் இன்று வர முடியாது" என்று சொல்லும் துணிவு ஐந்தாம் வகுப்பிலே கற்பிக்கப்படுவதன்று. பரீட்சகர் தேடுவது அத்துணிவையே.

விமானி தன்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும். உடலிலே நோய் உண்டா? மயக்கந்தரும் மருந்து உட்கொண்டேனா? மனத்திலே கவலை உண்டா? மது அருந்தி எட்டு மணித்தியாலமேனும் கழிந்ததா? உறக்கம் போதுமா? இவ்வினாக்களைக் கேட்பவரும் அவரே, விடையளிப்பவரும் அவரே. பொய் சொன்னால் கண்டுபிடிப்பதற்கு வேறொருவர் இல்லை.

இவ்வாறு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் வாய்மொழிச் சோதனை நடந்தபின்பே இருவரும் விமானத்தண்டை செல்கின்றனர். அங்கே பரீட்சார்த்தி ஒரு பட்டியலைக் கையிலே எடுத்து, அதைப் படித்துப் படித்து ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுப் பார்க்கிறார். தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளை ஒரு கண்ணாடிக் குவளையிலே வடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். வழக்கமான எரிபொருளுக்கு நீல நிறம் ஊட்டப்பட்டிருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது நிறமின்றி அடியிலே தங்கிநிற்கும்.

நூறு தடவை செய்த காரியத்துக்குப் பட்டியல் எதற்கு என்று சிலர் எண்ணலாம். அதன் பின்னே ஒரு துயரச் சம்பவம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி, அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்திலுள்ள ரைட் விமானத்தளத்திலே, போயிங் கம்பனியாரின் புதிய நான்கு இயந்திர விமானம் ஒன்று சோதனைப் பறப்புக்காக மேலெழுந்தது. அதனைச் செலுத்தியவர் மேஜர் பிளோயர் ஹில் என்னும் அநுபவம் மிக்க இராணுவ விமானி. விமானம் செங்குத்தாக ஏறி, நிலைகுலைந்து விழுந்து தீப்பற்றியது. ஹில்லும், கம்பனியின் விமானி ஒருவரும் அதனால் உயிரிழந்தனர். இயந்திரத்திலே பழுது எதுவும் இருக்கவில்லை. தரையில் நிற்கும்போது காற்றிலே அடிபடாதபடி வால்புறத்துப் பலகைகளைப் பூட்டிவைக்கும் பூட்டைத் திறக்க மறந்துவிட்டார்கள். அதன் பின்னரே, ஞாபகத்தை நம்பாமல் பட்டியலைப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் விமானிகளிடையே வேரூன்றியது. மறதி அறிவில்லாதவனுக்கு மாத்திரம் உரியதன்று, அறிந்தவனுக்கும் வரும். ஆகவேதான், பரீட்சார்த்தி மனப்பாடமாக ஒப்புவிப்பதைப் பரீட்சகர் விரும்புவதில்லை; பட்டியலைப் பார்த்துச் செய்வதையே விரும்புகிறார்.

இனி இருவரும் ஏறி அமர்கின்றனர். இங்கேதான் இப்பரீட்சையின் உயிர்நிலை இருக்கிறது. சட்டத்தின்படி, இப்பறப்பிலே பொதுவாக விமானத்தின் தலைவர் பரீட்சகர் அல்லர், பரீட்சார்த்தியே தலைவர். பரீட்சகர் ஒரு பயணி. எனவே, ஆசனப் பட்டியை எவ்வாறு பூட்டுவது, கதவை எவ்வாறு திறப்பது, ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பவற்றைப் பரீட்சார்த்தி அவருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். ஆயிரம் தடவை பறந்தவருக்குக் கதவு திறக்கச் சொல்லிக்கொடுப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், தன் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருப்பவரையும் தன் பொறுப்பிலுள்ள ஓர் உயிராகப் பார்க்கமுடியுமா என்பதே அங்கே வினா.

விமானம் எழுந்து, வகுத்த வழியிலே செல்கிறது. முதலிரண்டு அடையாளங்களையும் குறித்த நேரத்திலே கடந்தபின், "நாங்கள் போகும் ஊரிலே வானிலை கெட்டுவிட்டது; வேறோர் இடத்துக்குப் போகவேண்டும்" என்கிறார் பரீட்சகர். உடனே படத்தை மடியிலே விரித்து, திசை, தூரம், நேரம், எரிபொருள் நான்கையும் மதித்துச் சொல்லவேண்டும். அதேவேளை உயரமும் மாறாமல் இருக்கவேண்டும். அடுத்து, விமானத்தை 45 பாகை சாய்த்து முழு வட்டமாகத் திருப்பவேண்டும். உயரம் நூறடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. வேகம் மணிக்குப் பத்துக் கடல் மைலுக்கு மேல் வழுவக்கூடாது.

பின்னர், 'ஸ்டோல்' எனப்படும் நிலையை வேண்டுமென்றே உண்டாக்கி, அதிலிருந்து மீளவேண்டும். இதனைச் சிறிது விளக்குவேன். இறக்கையின் மேலும் கீழும் காற்று ஒழுங்காக ஓடும்வரையில் அது விமானத்தைத் தாங்கும். மூக்கை அளவுக்கு மிஞ்சி நிமிர்த்தினால், மேற்புறத்துக் காற்று இறக்கையைவிட்டுப் பிரிந்து குழம்பிவிடும். தாங்கும் சக்தி திடீரெனக் குறையும். விமானம் கீழே சரியும். கீழே சரிகிற எவனுக்கும் கட்டுப்பாட்டுத் தடியை இழுத்து மூக்கை மேலே தூக்கவேண்டும் என்றே தோன்றும். அதுவே அவனை மாய்க்கும். செய்யவேண்டியது நேர்மாறானது: தடியை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, காற்றை மீண்டும் இறக்கையிலே ஒட்டச் செய்யவேண்டும். இயல்பாகத் தோன்றுவதை அடக்கி, கற்றதைச் செய்தல் படிப்பினால் மாத்திரம் வருவதன்று. பலகாற் பழகிய பழக்கத்தினாலேயே வரும்.

திடீரென்று பரீட்சகர் இயந்திரத்தின் விசையைக் குறைத்து, "உங்கள் இயந்திரம் நின்றுவிட்டது" என்கிறார். இயந்திரம் நின்ற விமானம் கல்லைப்போல் விழுவதில்லை. செஸ்னா போன்ற விமானம் ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் தூரம் சறுக்கிச் செல்லும். பரீட்சார்த்தி முதலிலே அச்சறுக்கலுக்கு உகந்த வேகத்தை நிலைநிறுத்தவேண்டும். பிறகு இறங்கத்தக்க வயலைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பின்பே பழுது யாதென்று தேடவும், வானொலியிலே உதவி கேட்கவும் முற்படவேண்டும். இந்த ஒழுங்கை மாற்றி, முதலில் வானொலியிலே கூப்பிட்டுக்கொண்டிருப்பவர் வயலை இழந்துவிடுவார்.

மும்முரமான ஒரு கட்டத்திலே பரீட்சகர் தமது பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "அதைச் சற்று எடுத்துத் தாருங்கள்" என்று கேட்பதும் உண்டு. பணிவுள்ள பிள்ளை உடனே குனிவான். குனிந்தால் கவனம் சிதறும். "ஐயா, இறங்கியபின் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவரே நல்ல விமானி. பெரியவர் சொன்னதை மறுக்காதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் எமக்கு இது சிந்திக்கவேண்டிய பாடம்.

கடைசியாக இறங்குதல். குறுகிய ஓடுபாதையிலே இறங்கும் பயிற்சியில், முன்கூட்டியே சொன்ன புள்ளிக்கு அப்பால் 200 அடிக்குள் சக்கரம் தரையைத் தொடவேண்டும். அப்புள்ளிக்கு முன்னே தொடவுங் கூடாது. வேகமோ உயரமோ சரியில்லை என்று கண்டால், இறங்காமல் விசையைக் கூட்டி மீண்டும் மேலெழுந்து ஒரு வட்டஞ் சுற்றி வரலாம். இது தோல்வியன்று, பரீட்சைப் பாடத்திலேயே சேர்க்கப்பட்ட ஒரு திறமை. எப்படியாவது இறங்கிவிடவேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவரே தவறுகிறார்.

பெறுபேறு மூவகைப்படும். சித்தியடைந்தவருக்கு அங்கேயே, அந்நாளிலேயே, 120 நாளுக்குச் செல்லுபடியாகும் தற்காலிகப் பத்திரம் கையிலே கொடுக்கப்படும். தவறியவருக்குத் தவறிய பகுதிகளைக் குறித்த அறிவித்தல் கொடுக்கப்படும். போதனாசிரியரிடம் மீண்டும் பயின்று அவர் கையொப்பத்துடன் வந்தால், 60 நாளுக்குள் அப்பகுதிகளில் மாத்திரம் மறுபடி தோற்றலாம். மூன்றாவது வகையே விசேடமானது. காற்று மிஞ்சிவிட்டது என்றோ, மேகம் தாழ்கிறது என்றோ, உடல்நலம் குன்றியது என்றோ பரீட்சார்த்தி தாமே கண்டு, "இன்று இதனோடு நிறுத்திக்கொள்வோம்" என்று சொல்லலாம். அது தோல்வியாகப் பதியப்படுவதில்லை. அதுவரை செய்தவற்றுக்குரிய பலனைக் குறித்து ஒரு கடிதம் கொடுக்கப்படும். 60 நாளுக்குள் எஞ்சியதை முடித்துக்கொள்ளலாம். பரீட்சை நாளிலே, பணமும் காலமும் செலவழித்து வந்தபின், பரீட்சகர் முன்னிலையிலே, "இன்று பறக்கமாட்டேன்" என்று சொல்லக்கூடியவர் பிற்காலத்திலே எந்த நெருக்குதலுக்கும் மசியமாட்டார்.

அவ்வாறு சொல்லவேண்டிய வேளை, பத்திரம் பெற்ற பின்பே பெரும்பாலும் வருகிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கெனடியின் மகன் இளைய ஜோன் கெனடி 1998ஆம் ஆண்டு இப்பரீட்சையிலே சித்தியடைந்தார். 1999ஆம் ஆண்டு யூலை 16ஆம் தேதி இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, மார்த்தாஸ் வின்யார்ட் என்னும் தீவை நோக்கிக் கடலின் மேலாகப் பறந்தார். அவர் ஏறத்தாழ 310 மணித்தியாலம் பறந்து பழகியவர். ஆயினும், கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பதற்கான மேற்படித் தகுதியை இன்னும் பெற்றிருக்கவில்லை. அன்று விதிகளின்படி பறப்பதற்குத் தடை இருக்கவில்லை. ஆனால், நிலவொளி போதாத இரவு. புகார் மூடிய கடல். வானமும் நீரும் சந்திக்கும் கோடு கண்ணுக்குப் புலப்படவில்லை. அத்தகைய வேளையிலே காதினுள் அமைந்த சமநிலை உறுப்பு, சாய்ந்திருப்பவனையும் நேராக இருப்பதாக நம்பச் செய்துவிடும். விமானம் கடலிலே வீழ்ந்து மூவரும் மாண்டனர். இருளிலும் புகாரிலும் திசையுணர்வு தடுமாறிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று விசாரணைச் சபையார் முடிவுசெய்தனர்.

பரீட்சையிலே கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பகுதி ஒன்று உண்டு என்று முன்னே சொன்னேன். பார்வையை மறைக்கும் மூடியை அணிவித்து, கண்ணை மூடச்சொல்லி, பரீட்சகர் விமானத்தைக் கோணலாக நிறுத்திவிட்டு, "இனி நீங்கள் சரிசெய்யுங்கள்" என்பார். அப்பயிற்சி மேகத்தினுள் புகுந்து செல்வதற்கு அன்று. தவறிப் புகுந்தவர் வெளியே வருவதற்கே. இந்த வேற்றுமையை அறிந்திருத்தல் எந்தத் திறமையிலும் பெரிய திறமை.

இதற்கு ஆயத்தஞ் செய்பவர்கள் கைக்கொள்ளும் வழிகள் எளியவை. வீட்டிலே ஒரு நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, கையையும் காலையும் அசைத்து, செய்யவேண்டியவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறார்கள். தமக்குக் கற்பித்தவர் அல்லாத வேறொரு போதனாசிரியரிடம் மாதிரிப் பரீட்சை ஒன்று எழுதிப் பார்ப்பது போலப் பறந்து பார்க்கிறார்கள். தெரியாத வினாவுக்கு ஊகித்து விடைசொல்லாமல், "எனக்குத் தெரியாது, இந்த நூலிலே பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுகிறார்கள், பரீட்சகர் அதனைப் பெரும்பாலும் குறையாகக் கொள்வதில்லை. முதல்நாள் இரவு புத்தகத்தை மூடிவைத்து உறங்குகிறார்கள்.

ஆண்டுதோறும் எத்தனையோ பரீட்சைகளை நாம் நடத்துகின்றோம். அவற்றிலே பிள்ளை எவ்வளவு அறிந்திருக்கிறான் என்பதை அளக்கின்றோம். விமானத்தளத்திலே அமர்ந்திருக்கும் பரீட்சகரும் அதனை அளக்கின்றார். ஆனால், கடைசியிலே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: "இவர் ஓட்டும் விமானத்திலே என் பிள்ளையை ஏற்றி அனுப்புவேனா?" அனுப்புவேன் என்று மனம் சொன்னால்தான் பேனையைத் திறந்து கையொப்பமிடலாம்.